எம்பி3 சிடி நம்ம செட்டுல ஏன் பாட மாட்டேங்குது? ஆரம்பத்துல இருந்து ஒரு விளக்கம்

போன பொங்கலுக்கு ஊருக்கு போயிருந்தப்ப பெரியப்பா ஒரு டிஸ்க்க கையில குடுத்து, "இது கம்ப்யூட்டர்ல நல்லா பாடுது, நம்ம செட்ல போட்டா கொஞ்ச நேரம் சுத்திட்டு நோ டிஸ்க்னு காட்டுது, செட்டு போயிடுச்சா என்னன்னு பாருப்பா"ன்னாரு. ஹால்ல ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் வெச்ச செட்டு, மூணு டிஸ்க் போடுற ட்ரே, வாங்கி பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னமும் தெனம் சாயங்காலம் துணியால தொடச்சிட்டுதான் ஆன் பண்ணுவாரு. கடையில வாங்கின பழைய ஆடியோ சிடி ஒண்ண போட்டு பாத்தேன், கணீர்னு பாடுது. அப்ப செட்டுல கோளாறு இல்ல. அவர் குடுத்த டிஸ்க்க என் லேப்டாப்ல போட்டா அதுவும் பாடுது, அதுலயும் கோளாறு இல்ல. ரெண்டும் நல்லா இருந்தும் சேந்து வேல செய்யல, இது ஏன்னு புரிஞ்சிட்டா டிஸ்க்க வீணாக்காம, செட்ட மெக்கானிக்கிட்ட தூக்கிட்டு போகாம நாமளே சரி பண்ணிக்கலாம்.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான். டிஸ்க் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் அதுல பாட்ட எழுதுற வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு ஆடியோ சிடி, இன்னொண்ணு டேட்டா சிடி. எம்பி3 சிடின்னு நாம சொல்றது ரெண்டாவது வகை.

ஆடியோ சிடிய கேசட் மாதிரி நினைச்சுக்கோங்க. அப்பல்லாம் ரெக்கார்டிங் கடையில பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதி குடுப்போம், 60 நிமிஷ கேசட்டா 90 நிமிஷ கேசட்டான்னு கேப்பாங்க, கணக்கு முழுக்க நிமிஷத்துலதான். ஆடியோ சிடியும் அப்படியே, 74 நிமிஷம் இல்லன்னா 80 நிமிஷம், அவ்வளவுதான். சோனியும் ஃபிலிப்ஸும் சேந்து உருவாக்கி 1982ல ஜப்பான்ல மொத ப்ளேயர் விற்பனைக்கு வர்றதுக்கு முன்னாடியே போட்ட விதி இன்னைக்கும் மாறல. சத்தத்த ஒரு வினாடிக்கு 44,100 தடவ அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் (ஒரு பிட்னா ஒரு 0 இல்ல ஒரு 1) எண்ணா, இடது வலதுன்னு ரெண்டு சேனலுக்கும் தனித்தனியா எழுதுறாங்க. இந்த எண்கள் எல்லாம் டிஸ்க்கோட உள்பக்கத்துல ஆரம்பிச்சு வெளிய பாத்து போற ஒரே சுருள் கோட்டுல வரிசையா உக்காந்திருக்கும், அந்த கோட்ட பிரிச்சு நீட்டினா 5 கிலோமீட்டருக்கு மேல வரும். நடுவுல ஃபைலும் கிடையாது ஃபோல்டரும் கிடையாது. எந்த பாட்டு எந்த நிமிஷத்துல ஆரம்பிக்குதுன்னு சொல்ற ஒரு சின்ன அட்டவணை மட்டும் டிஸ்க்கோட தொடக்கத்துல இருக்கும், அதுல அதிகபட்சம் 99 பாட்டு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா இதுல ஏமாந்து போறவங்க ரொம்ப பேர். ஆடியோ சிடிய விண்டோஸ் கம்ப்யூட்டர்ல போட்டு திறந்தா ட்ராக்01 சிடிஏ, ட்ராக்02 சிடிஏன்னு வரிசையா ஃபைல் காட்டும், அத அப்படியே காபி பண்ணி பென் டிரைவ்ல போட்டா ஒரு வினாடியில எல்லாம் ஏறிடும், சந்தோஷமா எடுத்துட்டு போய் போட்டா ஒண்ணும் பாடாது. அந்த ஒவ்வொரு ஃபைலும் வெறும் 44 பைட்தான், உள்ள பாட்டே இல்ல, பாட்டு டிஸ்க்ல இந்த எடத்துல ஆரம்பிக்குதுன்னு ஒரு குறிப்பு மட்டும்தான் இருக்கு. பாட்ட வெளிய எடுக்கணும்னா ரிப் பண்ணணும், அதுக்குன்னு இருக்கற சாஃப்ட்வேர் அந்த எண்கள எல்லாம் படிச்சு புது ஃபைலா செஞ்சு குடுக்கும்.

சரி, எம்பி3க்கு வருவோம். அஞ்சு நிமிஷ பாட்டு ஒண்ண ஆடியோ சிடி தரத்துல வெச்சா கிட்டத்தட்ட 50 எம்பி (மெகாபைட்) ஆகும். அதே பாட்டு 128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 ஆயிரம் பிட்) எம்பி3ல அஞ்சு எம்பிக்குள்ள அடங்கிடும், பதினோருல ஒரு பங்கு. மீதி எங்க போச்சு? நம்ம காது எத கேக்காதோ அத விட்டுடறதுதான் இதுல இருக்கற சூட்சுமம். கல்யாண வீட்டுல கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்துல நிக்கறவர் காதுகிட்ட வந்து பேசினாலும் கேக்காதில்லையா, அவர் பேசிட்டுதான் இருக்காரு, நமக்கு எட்டல. பாட்டுக்குள்ளயும் ஒவ்வொரு கணமும் இது நடக்குது, பலமான ஒரு சத்தம் வரும்போது அதுக்கு பக்கத்து சுருதியில இருக்கற மெல்லிய சத்தம் மறஞ்சு போயிடுது. அப்படி மறையறதுக்கு குறைவான பிட் ஒதுக்கி, நல்லா கேக்கறதுக்கு அதிகமா ஒதுக்கி எழுதுறாங்க. ஜெர்மனியில இருக்கற ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்துல இதுக்கு ரொம்ப வருஷம் உழைச்சிருக்காங்க, எம்பி3ங்கற அந்த ஃபைல் பேரு 1995 ஜூலையிலதான் முடிவாச்சு. அதனால அதுக்கு முன்னாடி செஞ்ச சிடி ப்ளேயர் எதுவா இருந்தாலும், எவ்வளவு விலை குடுத்து வாங்கினதா இருந்தாலும், அதுக்கு எம்பி3ன்னா என்னன்னே தெரியாது. அதுக்கு அப்புறம் ரொம்ப வருஷம் வந்த செட்டுகள்லயும் பலதுல இந்த வசதி கிடையாது.

80 நிமிஷ டிஸ்க்ல டேட்டா எழுதினா 700 எம்பி கொள்ளும். 128ல எழுதின பாட்டா இருந்தா பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல, அஞ்சு நிமிஷ பாட்டு ஒரு 150. 192னா 100 பாட்டு, 320னா 60 பாட்டு. ஆடியோ சிடியா எழுதினா அதே டிஸ்க்ல 16 பாட்டோட முடிஞ்சிடும். கடைகள்ல ஒரே டிஸ்க்ல 150 பாட்டுன்னு அட்டையில போட்டு வித்தாங்களே, அந்த 150 இந்த கணக்குல வந்ததுதான்.

இப்ப செட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். எம்பி3 டிஸ்க்க பாட வைக்கணும்னா செட்டு மூணு வேலைய வரிசையா முடிக்கணும். லேசர் டிஸ்க்க படிக்கணும், அப்புறம் அதுல ஃபைல் எங்கெங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும், அப்புறம் அந்த ஃபைல விரிச்சு சத்தமாக்கணும். ஆடியோ சிடிக்கு மொத வேலையோட பெரும்பாலும் முடிஞ்சிடும், மத்த ரெண்டும் அதுக்கு தேவையே இல்ல. அதனாலதான் ஆடியோ சிடி பாடுற செட்டுல எம்பி3 டிஸ்க் பாடாம போறது. எந்த எடத்துல தடுக்குதுன்னு தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சது.

லேசர் விஷயம். கடையில அச்சடிச்சு வர்ற சிடியில சின்ன சின்ன பள்ளம் இருக்கும், மேல அலுமினிய பூச்சு, பட்ட வெளிச்சத்துல 70 சதவீதம் திரும்பி வரும். நாம வீட்டுல எழுதுற சிடி-ஆர்ல பள்ளம் கிடையாது, ஒரு சாயப்பூச்சு இருக்கும், ரைட்டர் லேசர் அத சூடு பண்ணி புள்ளி புள்ளியா மாத்தும், ஆனாலும் வெளிச்சம் திரும்பி வர்றது கிட்டத்தட்ட அதே அளவுதான். சிடி-ஆர்டபிள்யூ, அதாவது அழிச்சு அழிச்சு எழுதுற டிஸ்க், அதுல 15ல இருந்து 25 சதவீதம்தான் திரும்பி வரும். பழைய செட்டோட கண்ணுக்கு அந்த வெளிச்சம் பத்தாது, ட்ரேயில டிஸ்க்கே இல்லன்னு நினைச்சிடும். அதனால செட்டுக்குன்னு எழுதறப்ப சிடி-ஆர் வாங்குங்க, ஆர்டபிள்யூ வேண்டவே வேண்டாம். டிவிடிக்கு வேற லேசர், சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, அதனால வெறும் சிடி செட்டுல டிவிடிய போட்டு 4.7 ஜிபி பாட்டு கேக்கலாம்னு நினைக்காதீங்க, அது நடக்காது.

ரெண்டாவது வேலைதான் பெரியப்பா டிஸ்க் மாட்டிக்கிட்ட எடம், இத கொஞ்சம் நிதானமா சொல்றேன். டேட்டா டிஸ்க்ல ஃபைல் எங்க இருக்குன்னு எழுதி வைக்கறதுக்கு ஒரு முறை வேணும். பழைய முறைக்கு பேரு ஐஎஸ்ஓ 9660, அதுல பேரு நீளமா வைக்கறதுக்காக பின்னாடி வந்த சேர்க்கைக்கு பேரு ஜோலியட், 64 எழுத்து வரைக்கும் தாங்கும். எம்பி3 படிக்கற செட்டுகள் எல்லாம் இத நம்பித்தான் செஞ்சது. யூடிஎஃப்னு இன்னொரு முறை இருக்கு, பல செட்டுக்கு அது தெரியாது. இப்ப விண்டோஸ்ல காலி டிஸ்க்க போட்டு ஃபைல இழுத்து விட்டீங்கன்னா ஒரு சின்ன பெட்டி வந்து கேக்கும், இந்த டிஸ்க்க பென் டிரைவ் மாதிரி வெச்சுக்கணுமா, இல்ல சிடி டிவிடி ப்ளேயர்ல போடணுமான்னு. பெரும்பாலானவங்க பென் டிரைவ்னா நமக்கு தெரிஞ்சதுதானேன்னு மேல இருக்கறத அமுக்கிட்டு போயிடறாங்க, அங்கதான் யூடிஎஃப்ல எழுதிடுது. கம்ப்யூட்டருக்கு அது நல்லா புரியும், பாட்டும் பாடும், செட்டுக்கு புரியாது. பெரியப்பா டிஸ்க்க எழுதிக் குடுத்த பையன் இததான் பண்ணியிருக்கான், பாவம் அவன் மேல தப்பு சொல்ல முடியாது, அந்த பெட்டியில சின்னதா இருக்கற வெளக்கத்த யாரும் நின்னு படிக்கறதில்ல. நீங்க எப்பவும் ரெண்டாவது, ப்ளேயர்ல போடறதுக்குன்னு இருக்கறத தேர்ந்தெடுங்க.

இதோட சேத்து டிஸ்க்க மூடுறதும் முக்கியம். ரைட்டிங் சாஃப்ட்வேர்ல ஃபைனலைஸ்னோ க்ளோஸ் டிஸ்க்னோ ஒரு டிக் இருக்கும், அத போடுங்க. இன்னைக்கு பத்து பாட்டு, அடுத்த வாரம் பத்து பாட்டுன்னு திறந்தே வெச்சு எழுதினா சில செட்டு மொத நாள் எழுதினத மட்டும் காட்டும், சிலது எதையுமே காட்டாது. பாட்ட எல்லாம் ஒரு ஃபோல்டர்ல சேத்து வெச்சுட்டு ஒரே மூச்சுல எழுதி மூடிடுங்க.

ஃபோல்டர் வைக்கறதுலயும் ஒரு ஒழுங்கு வேணும். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் அதுக்குள்ள ஃபோல்டர்னு ஆழமா போகாதீங்க, ஒரு அடுக்கு போதும். எத்தன ஃபோல்டர் எத்தன ஃபைல் வரைக்கும் படிக்கும்ங்கறது செட்டுக்கு செட்டு மாறும், கூட வந்த புத்தகத்துல கடைசி பக்கங்கள்ல இருக்கும். பாட்டு வரிசை பெரிய தலவலி, சில செட்டு எழுத்து வரிசையில பாடும், சிலது டிஸ்க்ல எந்த வரிசையில எழுதினோமோ அப்படி பாடும். ரெண்டுக்கும் பொதுவா பேருக்கு முன்னாடி 01, 02, 03ன்னு ரெண்டு இலக்கமா எண் போட்டுடுங்க, வெறும் 1, 2ன்னு போட்டா 1க்கு அப்புறம் 10, 11ன்னு பாடிட்டு அப்புறம்தான் 2க்கு வரும். பாட்டோட பேர இங்கிலீஷ் எழுத்துலயே வைங்க, இத சொல்ல எனக்கே மனசு வரல, ஆனா பழைய செட்டோட டிஸ்ப்ளேயில தமிழ் எழுத்தே கிடையாது, தமிழ்ல பேர் வெச்சா கட்டம் கட்டமாவோ கேள்விக்குறியாவோதான் வரும். ஃபைலுக்குள்ள பாட்டு பேரு, படத்து பேரு எழுதி வைக்கற டேக்குக்கும் இதேதான். பழைய வகை டேக்ல பாட்டு பேருக்கு 30 எழுத்துதான் எடம், அதனால "ஏன் பேரு பாதியில நிக்குது"ன்னு பாத்தா காரணம் அதுதான்.

மூணாவது வேல, ஃபைல விரிக்கறது. செட்டுக்குள்ள அதுக்குன்னு ஒரு சிப் இருக்கு, அது என்னென்ன வகைய கத்துக்கிட்டு ஃபேக்டரியில இருந்து வந்துச்சோ அத மட்டும்தான் படிக்கும். முன்பக்கம் ட்ரேக்கு கிட்ட எம்பி3ன்னு சின்னதா எழுதியிருக்கான்னு பாருங்க. டபிள்யூஎம்ஏன்னும் (அது மைக்ரோசாஃப்டோட பாட்டு ஃபைல் வகை) சிலதுல சேந்து இருக்கும். எழுதியிருக்கறது எதுவோ அது மட்டும்தான். எம்4ஏ, ஃப்ளாக் மாதிரி வேற வகை பாட்டு ஃபைல எல்லாம் எழுதி குடுத்துட்டு பாடலன்னு வருத்தப்படறதுல பிரயோஜனம் இல்ல, ஃபைலோட பேர்ல கடைசிய எம்பி3ன்னு மாத்தினாலும் உள்ள இருக்கறது மாறாது, கன்வெர்ட் பண்ணிட்டுதான் எழுதணும். எம்பி3யா இருந்தும் சிலது பாடாது. உபன்யாசம், சொற்பொழிவு மாதிரி பேச்சு ஃபைல எடம் மிச்சம் பண்றதுக்காக வினாடிக்கு 22,050 தடவையோ 24,000 தடவையோ மட்டும் அளந்து எழுதியிருப்பாங்க, சில செட்டு அத தாண்டி குதிச்சு அடுத்ததுக்கு போயிடும். எனக்கு தெரிஞ்சு பாட்டெல்லாம் பாடி பேச்சு மட்டும் பாடலன்னா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது இத. 44,100க்கு மாத்தி எழுதினா சரியாயிடும்.

தரத்த பத்தி மனசுல இருக்கறத சொல்லிடறேன். 128ல இருக்கற பாட்ட 320க்கு கன்வெர்ட் பண்ணா சத்தம் நல்லா வரும்னு நெறைய பேர் நம்பறாங்க, வராது. ஒரு தடவ விட்டது விட்டதுதான், திரும்ப வராது, ஃபைல் மட்டும் பெருசாகும், மறுபடி சுருக்கினதுல இன்னும் கொஞ்சம் போகத்தான் செய்யும். எம்பி3ய ஆடியோ சிடியா எழுதினாலும் அதே கததான். கையில ஒரிஜினல் சிடி இருந்தா அதுல இருந்து நேரா 192லயோ 256லயோ நீங்களே ரிப் பண்ணுங்க, ஹால்ல வெக்கற செட்டுக்கு அது தாராளம். வீணையோட கமகம், மிருதங்கத்துல வலந்தலை சொல்லோட விளிம்பு, சிம்பலோட தொடர் ஓசை இதெல்லாம் 128ல கொழகொழன்னு ஆயிடறது நல்ல ஸ்பீக்கர்ல கேட்டா தெரியும்.

கச்சேரி கேக்கறவங்களுக்கு இன்னொண்ணு. ஆலாபனை ஒரு ட்ராக், கிருதி அடுத்த ட்ராக்னு இருக்கற சிடியில தம்புரா நிக்காம ஓடிட்டே இருக்கும், ஒரு ட்ராக் முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கறது நமக்கு தெரியவே தெரியாது. அத எம்பி3 ஆக்கினா நடுவுல சின்னதா ஒரு வெட்டு விழும், ஏன்னா எம்பி3ல சத்தத்த 1152 அளவு கொண்ட துண்டு துண்டா கட்டுறாங்க, ஓரத்துல காலியா இருக்கறத மௌனத்தால நிரப்பிடறாங்க. அந்த வெட்டு எனக்கு ரொம்ப உறுத்தும். அப்படிப்பட்ட கச்சேரிய முழுசும் ஒரே ஃபைலா ரிப் பண்ணுங்க, இல்லன்னா ஆடியோ சிடியாவே எழுதிக்கோங்க, இடைவெளி பூஜ்யம்னு வெச்சு.

கீறல் விழுந்தா என்ன ஆகும்னு கேப்பாங்க. ஆடியோ சிடியில ஒண்ணு ரெண்டு எண் படிக்க முடியலன்னா ப்ளேயர் முன்னாடி பின்னாடி இருக்கறத வெச்சு ஊகிச்சு நிரப்பிடும், நமக்கு தெரியாது. ஃபைல்ல ஊகம் செல்லாது, அதனால டேட்டா டிஸ்க்ல ஒவ்வொரு 2352 பைட்டுலயும் 2048 மட்டும் நம்ம ஃபைலுக்கு, மிச்சத்துல பெரும்பகுதி தப்ப திருத்தறதுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க. அதையும் மீறி கெட்டுப்போச்சுன்னா பாட்டு திக்கும், இல்ல அடுத்ததுக்கு தாவிடும். கார்ல மேடு பள்ளத்துல போகும்போது மட்டும் எம்பி3 டிஸ்க்குக்கு ஒரு சாதகம், ஒரே அளவு மெமரியில ஆடியோ சிடியவிட பத்து மடங்குக்கு மேல பாட்ட முன்கூட்டியே படிச்சு வெச்சுக்கலாம், லேசர் ஒரு கணம் தடுமாறினாலும் பாட்டு நிக்காது.

எங்க தடுக்குதுன்னு டிஸ்ப்ளேய பாத்தே ஓரளவு சொல்லிடலாம். நோ டிஸ்க்னு வந்தா பெரும்பாலும் லேசருக்கு படிக்க முடியல, டிஸ்க் வகைய பாருங்க, யூடிஎஃப்பயும் சில செட்டு இப்படித்தான் காட்டும், நம்ம வீட்டுது அப்படித்தான் காட்டுச்சு. வேற எல்லா டிஸ்க்கும் சேந்து தகராறு பண்ணா லென்ஸ்ல தூசி. நோ ஃபைல், இல்ல 00ன்னு வந்தா டிஸ்க் படிக்குது, ஃபைல் கிடைக்கல, எழுதின முறையும் மூடுனதும் சரியான்னு பாருங்க. நிமிஷம் வினாடி ஓடுது சத்தம் வரல, இல்ல சில பாட்டு மட்டும் தாவுதுன்னா ஃபைல் வகைதான் காரணம்.

அன்னைக்கு சாயங்காலம் டவுன்ல போய் ஒரு சிடி-ஆர் வாங்கிட்டு வந்தேன். பெரியப்பா பக்கத்துல உக்காந்து எந்த பாட்டு எந்த ஃபோல்டர்ல வரணும்னு சொல்ல சொல்ல நான் எண் போட்டு அடுக்கினேன், காலையில கேக்கறது தனி, ராத்திரி கேக்கறது தனி, பெரியம்மாவுக்குன்னு ஒண்ணு தனி. டேட்டா டிஸ்க், ப்ளேயர்ல போடறதுக்குன்னு தேர்ந்தெடுத்து, எழுதுற வேகம் 16எக்ஸ்னு வெச்சு (ரொம்ப வேகமா எழுதினா பழைய செட்டுக்கு படிக்க சிரமம்), டிஸ்க்க மூடி எடுத்தேன். மேல ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன், சூட்டுல பிரிஞ்சு உள்ள மாட்டிக்கும், அதுக்கும் மேல சிடியில பாட்டு இருக்கற பூச்சு எழுத்து எழுதுற பக்கத்துக்கு ஒட்டினாப்பல இருக்கு, அங்க கீறினா அடிப்பக்கம் கீறறதவிட மோசம், பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதவே கூடாது, சிடி மார்க்கர்தான். தொடைக்கும்போதும் வட்டமா தொடைக்காம நடுவுல இருந்து வெளிய பாத்து நேரா தொடைக்கணும்.

ட்ரே உள்ள போச்சு, ஒரு இருபது வினாடி ரீடிங்னு ஓடுச்சு, எம்பி3 டிஸ்க்குக்கு எல்லா ஃபோல்டரையும் பாத்து முடிக்கணும் அதனால இந்த நேரம் எடுக்கத்தான் செய்யும், அவசரப்பட்டு ஓப்பன் பட்டன அமுக்கிடாதீங்க. அப்புறம் டிஸ்ப்ளேயில எம்பி3ன்னு விளக்கு எரிஞ்சு, 01னு வந்து, பாட ஆரம்பிச்சுது. பெரியப்பா ஒண்ணும் சொல்லல, எழுந்து போய் ட்ரெபிள கொஞ்சம் கொறச்சு வெச்சுட்டு வந்து உக்காந்தாரு. ஃபோல்டர் மாத்தறது எந்த பட்டன்னு பெரியம்மாதான் கேட்டு வாங்கி, காலண்டர் தாள கிழிச்சு பின்பக்கத்துல எழுதி டிஸ்க் கவருக்குள்ள மடிச்சு வெச்சுக்கிட்டாங்க.